வாளிக் கணக்கும் வீரணன் காலும்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். முப்பத்தோரு வருடம் கண்மாய், மடை, கால்வாய் என்று அலைந்தவள் நான். எழுத விஷயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதில் ஒரு கோளாறு உண்டு. எல்லாக் கதையிலும் எழுதுகிறவரே கடைசியில் ஜெயிப்பார். மேலதிகாரி முட்டாளாக இருப்பார், ஊர்க்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். அந்த மாதிரி ஒன்று வேண்டுமென்றால் என் கூட வேலை பார்த்தவர்களிடம் நிறைய இருக்கிறது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதைப் படித்து முடிக்கும்போது உங்களுக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

எனக்குக் கணக்கு பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். மனிதர்கள் வளவளவென்று பேசுவது எனக்கு ஆகாது. யாராவது "நேத்து நல்ல மழை" என்றால், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பேன். ஒரு கல்யாணப் பந்தியில் சம்பந்தி வீட்டாரிடமே கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வார்த்தை ஆளுக்கு ஆள் மாறும், எண் மாறாது என்பது என் எண்ணம். இருபத்தெட்டு வருடம் அந்த எண்ணம் என்னைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது நடந்த கண்மாயின் பெயரை எழுதப் போவதில்லை. சித்தையன்கோட்டைக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை கிலோமீட்டர் மண்கரை. இரண்டு மடை, தெற்குக் கோடியில் கலுங்கு. அளவுக்கல்லில் பதின்மூன்று அடி தொட்டால் கலுங்கு வழியாகத் தண்ணீர் தானாக வழிந்து போகும். கரைக்கு நேர் கீழே ஒரே ஒரு தெரு, முப்பத்தெட்டு வீடு. சின்னாளபட்டிக்குச் சேலை நெய்து கொடுக்கிற தறி வீடுகள் ஏழெட்டு. மற்றவர்கள் பூவெடுக்கவும் களை வெட்டவும் போகிறவர்கள். தெருவின் கடைசி வீடு வீரணனுடையது.

வீரணன் அந்தக் கண்மாய்க்கு எங்கள் லஸ்கர். மடையைத் திறப்பது, மூடுவது, கரையில் நடந்து பார்ப்பது, அளவுக்கல்லைப் படித்து எங்களுக்குச் சொல்வது அவர் வேலை. அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு குறைவு, போனில் இன்னும் குறைவு. சொன்ன சொல்லைத் தட்டாத ஆள். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களில் அவரைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். காரணம் அந்தக் குணம்தான், இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

நடு மடைக்குப் பக்கத்தில் கரையடியில் பல வருடமாக ஒரு கசிவு இருந்தது. மண்கரை என்றால் கொஞ்சம் கசியும், அதில் பயமில்லை. கசிவு கூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. எனக்கு முன்னால் இருந்தவர்கள் பதிவேட்டில் 'லேசான கசிவு' என்று எழுதி வைத்திருந்தார்கள். பக்கம் பக்கமாக, வருடா வருடம், அதே இரண்டு வார்த்தை. லேசு என்றால் எவ்வளவு? யாருக்கு லேசு? எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. கசிவின் வாயில் ஒரு குழாய்த் துண்டைச் செருகி, அடியில் இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை வைத்தேன். வாளி நிறைய எத்தனை விநாடி என்று தினமும் பார்க்க வேண்டும். காலை ஆறு மணிக்கு, தாசில்தாரும் இருக்கிற எங்கள் செல்போன் குழுவில் வீரணன் இரண்டு எண் போட வேண்டும். ஒன்று அளவுக்கல் அடி, இன்னொன்று வாளி விநாடி.

ஆரம்பத்தில் அவர் எண்ணோடு சேர்த்துக் குரலிலும் ஏதாவது பேசி அனுப்புவார். மேற்கே காற்று அதிகம், கரையில் எலி வளை தெரிகிறது, ஆடு இறங்கித் தடம் விழுந்திருக்கிறது என்று. "கதையெல்லாம் வேணாம் வீரணன், நம்பர் மட்டும் போடுங்க" என்று சொன்னேன். மறுநாளிலிருந்து நம்பர் மட்டும் வந்தது. என் வாளியை மேலிடத்தில் பாராட்டினார்கள். பயிற்சி வகுப்பில் அதன் படத்தைத் திரையில் போட்டு நான் விளக்கம் சொன்னேன். கைதட்டினார்கள், நானும் உச்சி குளிர்ந்து போனேன்.

அது ஐப்பசி மாதக் கடைசி. மலைப்பக்கம் மூன்று நாளாக விடாத மழை. கண்மாய் எட்டு அடியிலிருந்து ஒன்பதரை ஆகி, மூன்றாம் நாள் காலை பத்தரை அடிக்கு வந்திருந்தது. வாளி எப்போதும் நாற்பது விநாடியில் நிறையும். தண்ணீர் ஏற ஏற அழுத்தம் கூடும், கசிவு கூடும், வாளி சீக்கிரம் நிறைய வேண்டும். ஆனால் நாற்பது நாற்பத்திரண்டு ஆகி, மூன்றாம் நாள் நாற்பத்தைந்து ஆகியிருந்தது. கசிவு குறைகிறது! வெள்ளத்தோடு வந்த வண்டல் உள்பக்கத்துத் துவாரத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். அழகான காரணம். இன்றைக்குக் கேட்டாலும் தப்பு சொல்ல முடியாத காரணம்.

பத்து மணிக்குத் திண்டுக்கல் கலெக்டர் அலுவலகத்தில் வெள்ள ஆய்வுக் கூட்டம். என் முறை வந்தபோது எழுந்து நின்று, அளவு பத்தரை, கலுங்குக்கு இன்னும் இரண்டரை அடி இருக்கிறது, கசிவு குறைந்து வருகிறது, கண்மாய் பாதுகாப்பாக இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தேன். அடுத்தவர் பேச ஆரம்பித்ததும் என் போன் அதிர்ந்தது. வீரணன். அவராகக் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது. வராந்தாவுக்கு வந்து எடுத்தேன்.

"என்ன வீரணன்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் கூப்ட்டேன்."

"அளவு ஏறிருச்சா?"

"இல்லம்மா. அதே பத்தரைதான்."

"வாளி?"

"இப்பத்தான் பாத்தேன். நாப்பத்தெட்டு."

"அப்ப நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

ஆனால் அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"பின்ன என்ன?"

"கரை நேத்து மாதிரி இல்லம்மா."

எனக்குச் சுருக்கென்றது. வரிசையாகக் கேட்டேன். "வெடிப்பு விட்டிருக்கா?" இல்லை. "எங்கயாச்சும் சரிஞ்சிருக்கா?" இல்லை. "கசிவுத் தண்ணி கலங்கலா வருதா?" தெளிவாகத்தான் வருகிறது. "புதுசா எங்கயும் ஊறுதா?" இரண்டு தடவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாயிற்று, ஒன்றும் காணோம்.

"அப்புறம் எந்த விதத்துல நேத்து மாதிரி இல்ல?"

"அதச் சொல்லத் தெரியலம்மா. நடந்தா காலுக்குத் தெரியுது. அம்புட்டுத்தான்."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே கூட்டம் நடக்கிறது, நான் வராந்தாவில் நின்றுகொண்டு ஒருவரின் காலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு கரையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி எல்லாவற்றையும் கேட்டாகிவிட்டது, எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்துவிட்டது. என்னிடம் கேள்வி தீர்ந்துபோனதை நான் ஆபத்து தீர்ந்துபோனதாக எடுத்துக்கொண்டேன். இந்த ஒரு தப்பை மட்டும் நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம்.

போனை வைக்கப் போகும்போது ஒரு உபசாரத்துக்காக, "சரி, மழையா இருக்கு, பிள்ளைகளக் கண்மாய்ப் பக்கம் விட்றாதீங்க" என்றேன்.

"புள்ளைக இங்க இல்லம்மா."

"பள்ளிக்கூடம்தான் லீவாச்சே, எங்க போனாங்க?"

"சேவுகம்பட்டிக்கு அனுப்பிட்டேன். மாமியா வீட்டுக்கு."

"எப்ப?"

"விடியக் கருக்கல்ல. பால் வண்டியில ஏத்திவிட்டேன். வீட்டுக்காரி, ரெண்டு புள்ளைக, எங்காத்தா, நாலு பேரையும்."

"ஆறு மணிக்கு எனக்கு நாப்பத்தஞ்சுன்னு நம்பர் போட்டீங்களே?"

"அதுக்கு முன்னாடிம்மா."

எனக்கு ஆத்திரம் வந்தது. "உங்க குடும்பத்த அனுப்பிட்டு எனக்கு நம்பர் போட்டீங்களா? இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "நீங்க கேட்டது நம்பர மட்டும்தானம்மா" என்றார்.

கூட்டத்துக்கு நான் திரும்பப் போகவில்லை. பையை உள்ளேயே விட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டேன். சின்னாளபட்டி தாண்டி ரோட்டில் தண்ணீர் நின்றதால் டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். நான் காகிதத்தை மடியில் வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். வரத்து இவ்வளவு, கொள்ளளவு இவ்வளவு, கரையின் சரிவு இவ்வளவு. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் கரை நின்றது.

வீரணன் கரைமேல் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். தெருவுக்கு நேர் மேலே ஓரிடத்தைக் காட்டி, "இதுலருந்து அந்தப் பனை வரைக்கும்மா" என்றார். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் நடந்தேன். போய்விட்டுத் திரும்பி வந்தேன். மறுபடியும் நடந்தேன். மண் ஈரமாக இருந்தது, புல் ஈரமாக இருந்தது, கால் குளிர்ந்தது. மழைக்காலத்தில் எந்தக் கரையும் அப்படித்தான் இருக்கும். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பின்னால் யாராவது இந்தக் கதையை, அந்த அம்மா காலை வைத்ததும் உணர்ந்துகொண்டார் என்று உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

வீரணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உதட்டைப் பிதுக்கியதும் அவர் முகம் வாடிப்போனது.

"ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா என் வேல போயிருமாம்மா?"

"போனா ரெண்டு பேருக்கும் சேந்துதான் போகும்" என்றேன். அவருக்குத் தைரியம் சொல்வதற்காகச் சொன்னது.

இரண்டு மடையையும் முழுக்கத் திறக்கச் சொன்னேன். அதில் ஒரு அடி இறங்கவே ஒன்றரை நாள் ஆகும். அதனால் தெருவைக் காலி செய்வது ஒன்றுதான் வழி. அதற்குத் தாசில்தார் உத்தரவு வேண்டும். பஸ் வேண்டும், பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட வேண்டும், சமைக்க ஆள் வேண்டும். அவருக்குப் போன் போட்டேன்.

"அளவு எவ்வளவு மேடம்?"

"அளவு இல்ல சார், கரை சரியில்ல."

"உடைப்பு ஏதும் இருக்கா?"

"இல்ல."

"கசிவு கூடியிருக்கா?"

"குறைஞ்சிருக்கு. ஆனா நடந்தா காலுக்கு வித்தியாசம் தெரியுதுன்னு லஸ்கர் சொல்றாரு."

"மேடம், பத்து மணிக்குப் பாதுகாப்பா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப நான் என்னன்னு காரணம் எழுதட்டும்? லஸ்கருக்குக் கால்ல ஏதோ தெரியுதுன்னா எழுத முடியும்?"

அவர் கெட்டவர் இல்லை. அன்றைக்கு அவர் கையில் ஐந்து ஊர் வெள்ளம் இருந்தது, மூன்றே பஸ் இருந்தது. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் மோசமாகப் பேசியிருப்பேன். "பன்னெண்டு வந்தா முதல் எச்சரிக்கை, அதான விதி? பன்னெண்டு வந்ததும் சொல்லுங்க, அடுத்த நிமிஷம் பஸ் அனுப்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மழை கனத்தது. கீழே தெருவில் யார் வீட்டிலோ தறிச் சத்தம் கேட்டது. டக், டக் என்று நிதானமாக.

"வீரணன், குழுவுல பன்னெண்டுன்னு போடுங்க."

அவர் அளவுக்கல் இருந்த திசையைப் பார்த்தார். "பத்தரைதானம்மா இருக்கு."

"தெரியும். போடுங்க."

"நான் இதுவரைக்கும் தப்பாப் போட்டதே இல்லம்மா."

சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர், முதல் தடவையாகக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தேன். '12, வேகமாக ஏறுகிறது' என்று நானே அடித்து அனுப்பினேன். அவர் போனிலிருந்து, அவர் பெயரில். என் போன் என் கையிலேயே இருந்தது. அதிலிருந்து அனுப்பியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். தோன்றியது. லஸ்கர் படித்துப் போடுகிற எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதும் தோன்றியது, நாளைக்குக் கேள்வி வந்தால் முதல் கேள்வி எனக்கு வராது என்பதும் தோன்றியது.

ஐந்து நிமிடத்தில் உத்தரவு வந்தது. ஒரு மணிக்கு இரண்டு பஸ் வந்தன.

வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். தறிக்காரர் ஒருவர் மட்டும் அசையவில்லை. சரசு என்று பெயர், ஐம்பது வயதுப் பெண்மணி. முந்தின நாள்தான் தறியில் புதுப் பாவு ஏற்றியிருந்தார். ஆறு சேலைக்கான நூல். ஈரம் பட்டால் அத்தனையும் பாழ். தறியிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தன மணிக்கு ஒடையும்னு சொல்லுங்க. அதுக்கு அர மணி நேரம் முன்னாடி நானே எந்திரிச்சு வாரேன்."

"அது சொல்ல முடியாதும்மா."

"இன்னைக்கா, நாளைக்கா?"

"தெரியல."

"ஒடையுமா ஒடையாதா, அதாவது தெரியுமா?"

வாழ்நாள் முழுக்க நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வியை அந்த அம்மா என்னிடம் கேட்டார். என்னிடம் ஒரு எண் கூட இல்லை. இருந்த ஒரே எண்ணும் நான் இட்டுக்கட்டியது.

வாசலில் நின்ற வீரணன்தான் பேசினார். "யக்கா, எங்க வீட்ல காலையிலயே பூட்டுப் போட்டாச்சு. ஆத்தாவையும் அனுப்பிட்டேன். நடக்க முடியாத கெழவிய மழையில ஏத்தி அனுப்பிருக்கேன் பாத்துக்க."

சரசு அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாவின் மேல் ஒரு தார்ப்பாயை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். அடுப்பிலிருந்த வெஞ்சனச் சட்டியைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஏறும்போது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டரைக்குத் தெரு காலி. கரையில் நானும் வீரணனும் மட்டும் கலுங்கு மேட்டில் நின்றோம். வாளி ஐம்பத்து மூன்று விநாடி காட்டியது. அளவு பத்தரைதான். ஒன்றும் நடக்கவில்லை. கால் மணி நேரம் போனது, அரை மணி நேரம் போனது. உள்ளுக்குள் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? உடைந்து தொலையக் கூடாதா என்று நினைத்தேன். உடையாவிட்டால் நான் பொய்க்காரி. முப்பத்தெட்டு வீட்டைவிட என் மானம் ஒரு நிமிடம் பெரிதாகப் போய்விட்டது. அந்த நிமிடத்துக்காக நான் இன்னும் கூசுகிறேன்.

மூன்றேகாலுக்கு உடைந்தது. வீரணன் காட்டிய இடத்தில் இல்லை, வாளி இருந்த இடத்திலும் இல்லை. பனையைத் தாண்டி அறுபது தப்படி வடக்கே. முதலில் சத்தமே இல்லை. கரையில் ஒரு கட்டில் அகலத்துக்குப் புல் மெதுவாக உட்கார்ந்தது. வீரணன் என் கையைப் பிடித்து இழுத்தார். பிறகு அங்கே கரை இல்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் தெருவுக்குள் போனது. பதினொரு வீடு விழுந்தது. சரசுவின் வீட்டில் சுவர் நின்றது, தறி போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் வீரணன் ஒவ்வொரு குடும்பமாகத் தலை எண்ணினார். மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் சரியாக வந்தது. ஒருவர்கூடக் குறையவில்லை. அன்றைக்கு நான் பார்த்ததிலேயே எனக்குப் பிடித்த எண் அதுதான். உட்கார்ந்து அழுதேன். வீரணன் எங்கிருந்தோ ஒரு டம்ளர் டீ வாங்கிவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்.

உடைப்புக்குக் காரணம் பிறகு தெரிந்தது. வழக்கமான கசிவுக்குப் போக வேண்டிய தண்ணீர் கரைக்குள்ளேயே வேறு பாதை பிடித்து மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. அதனால்தான் வாளி நிறைய நேரம் பிடித்தது. கரை கெடக் கெட என் எண் நல்லதாகிக்கொண்டே போயிருக்கிறது. வாளி பொய் சொல்லவில்லை. அது தன் வாய்க்கு வந்த தண்ணீரை மட்டும்தான் சொன்னது, நான்தான் அதை மொத்தக் கரையின் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். வீரணனின் காலும் முழுசாகச் சொல்லவில்லை, அறுபது தப்படி தள்ளித்தான் சொன்னது. ஆனால் அவர் அந்தக் காலை நம்பி ஒரு காரியம் செய்திருந்தார். ஒருவர் விளக்கத் தெரியாமல் தவிக்கும்போது 'எவ்வளவு' என்று கேட்காதீர்கள். 'அதுக்கு நீங்க என்ன பண்ணீங்க' என்று கேளுங்கள். நான் அதைக் கேட்கவில்லை, என் நல்ல நேரம், உபசாரத்துக்குப் பிள்ளைகளைப் பற்றிப் பேசப்போய் அது தற்செயலாக வெளியே வந்தது.

இந்த இடத்தில் நிறுத்தினால் நானும் ஜெயித்த கதை ஆகிவிடும். மிச்சத்தையும் கேளுங்கள்.

விசாரணை நடந்தது. அளவு பன்னிரண்டைத் தொட்டதும் லஸ்கர் உடனே தகவல் கொடுத்தார், பொறியாளர் விரைந்து செயல்பட்டார், உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது என்று அறிக்கை தயாரானது. விசாரித்த அதிகாரி வீரணனிடம், பன்னிரண்டு என்று எத்தனை மணிக்குப் பார்த்தாய் என்று கேட்டார். வீரணன் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். "அம்மா வந்ததுக்கு அப்பறம்ங்கய்யா" என்றார். அதில் பொய் எது, உண்மை எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தைத் துல்லியமாகக் கண்காணித்ததற்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்து, "இதுல என்னம்மா போட்டுருக்கு?" என்று என்னிடம் கேட்டார். படித்துக் காட்டினேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

உடைந்த இடத்தைக் கட்டினார்கள். மற்ற கரை முழுவதும் அதே பழைய மண்தான். அறிக்கைப்படி கண்மாய் உடைந்தது பன்னிரண்டில். ஆகவே பன்னிரண்டு அபாயம், அதற்குக் கீழே அச்சமில்லை என்று முடிவு செய்து, அளவுக்கல்லில் பன்னிரண்டுக்கு நேராகச் சிவப்பில் ஒரு கோடு போட்டார்கள். நான் அடித்த பொய் கல்லில் ஏறிவிட்டது. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது, பயந்தேன். உண்மையைச் சொன்னால் தப்பான அளவு போட்டதாக வீரணன் வேலை போகும், அவரைக் காப்பாற்றுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காப்பாற்றியது என்னைத்தான்.

ஓய்வு பெற்றுப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்த ஒரு காலையில் வீரணன் கூப்பிட்டார். இந்த வருட மழை தொடங்கியிருந்தது.

"அம்மா, தண்ணி பத்தே கால் இருக்கு. புதுசா வந்த சாரு நல்லவருதான். செவப்புக் கோட்டுக்கு ஒன்னே முக்கா அடி கெடக்கே, இப்பயே எதுக்கு மடையத் தொறக்கணும்கிறாரு. நான் என்னம்மா சொல்லட்டும்?"

ரோட்டோரம் வண்டியை நிறுத்திவிட்டு அந்த இளைஞருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அன்று மாலைக்குள் மடையைத் திறந்துவிட்டார், தண்ணீர் இறங்கியது. ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று கேட்டார்: "அப்ப நிஜமான அளவு என்ன மேடம்? எத்தன அடி வரைக்கும் பயமில்ல?" எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பத்தரையில் உடைந்தது, அது மட்டும்தான் எனக்குத் தெரியும், ஒன்பதில் உடையாது என்று சொல்ல எனக்கு வாயில்லை, வீரணனோடு போய் நடங்கள் என்றேன்.

மறுநாளே நடந்ததை நடந்தபடி எழுதி, பன்னிரண்டு என்று அனுப்பியது நான்தான், வீரணன் மறுத்தார் என்று கையெழுத்துப் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அதனால் எனக்கு வருவது வரட்டும். கொடுத்து நாற்பது நாளாகிறது. பதில் இல்லை. கோட்டை அழிக்க மேலிருந்து உத்தரவு வர வேண்டுமாம்.

இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்தப் பக்கம் போனால், உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு டப்பா பெயிண்ட் வாங்கிக்கொண்டு போய் அந்தச் சிவப்புக் கோட்டை அழித்துவிடுங்கள். யார் சொல்லி அழித்தாய் என்று கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். தயவுசெய்து இந்த முறை வீரணன் பெயரைப் போட்டுவிடாதீர்கள்.